பட்ஜெட் கேமிங் பிசி: பெட்டி மேல் இருக்கும் பெயரை நம்பாமல் பாகம் பொறுக்குவது எப்படி

"ஐ7 புராசசர், 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, ஆர்ஜிபி கேபினெட், முழு செட்." இப்படி ஒரு விளம்பரம் கண்ணில் படாமல் பட்ஜெட் பிசி தேடி முடித்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். விலையும் ஆசை காட்டும். துருவிக் கேட்டால் அந்த ஐ7 என்பது 2012-இல் வந்த ஐ7-3770. அந்த 4 ஜிபி கார்டு 2014-இல் வந்த ஜிடி 730. விளம்பரத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் இன்றைய நுழைவு நிலைப் புராசசரான ஐ3-12100எஃப் அந்த ஐ7-ஐ எளிதாக முந்தும். விண்டோஸ் 11 அந்த ஐ7-ஐ அதிகாரபூர்வமாக ஏற்பதே இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

பட்ஜெட் பிசியில் பணம் வீணாவது பெரும்பாலும் இப்படித்தான். பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று. ஒவ்வொரு பாகத்துக்கும் தயாரிப்பாளரின் தளத்தில் விவரப் பட்டியல் உண்டு. அதில் எந்த வரியைப் படிக்க வேண்டும் என்று தெரிந்தால் போதும், பாதி வேலை முடிந்தது.

முதலில் மானிட்டர்

கடைக்குப் போவதற்கு முன் முடிவு செய்ய வேண்டியது புராசசரை அல்ல, மானிட்டரை. 1080பி (1920×1080 புள்ளிகள்) திரையில் வாலரண்ட், சிஎஸ்2 (கவுன்டர்-ஸ்ட்ரைக் 2) மாதிரியான போட்டி விளையாட்டுகளை ஆடுபவருக்கு விநாடிக்கு அதிக ஃப்ரேம் வேண்டும்; அதற்குப் புராசசர் கொஞ்சம் பலமாக இருக்க வேண்டும். கதை சார்ந்த பெரிய விளையாட்டுகளை நிதானமாக 60 ஃப்ரேமில் ஆடினால் போதும் என்பவருக்குக் கார்டுதான் எல்லாம். 1440பி (2560×1440) மானிட்டரை ஆசைப்பட்டு வாங்கிவிட்டால் திரையில் வரைய வேண்டிய புள்ளிகள் ஏறக்குறைய 78% கூடிவிடும். அந்தச் சுமையைத் தாங்கும் கார்டு பட்ஜெட்டைத் தாண்டிப் போய்விடும். 24 அங்குலம், 1080பி, ஐபிஎஸ் பேனல், 100 ஹெர்ட்ஸோ அதற்கு மேலோ. இந்தக் கட்டுரையில் சொல்வதெல்லாம் இந்தத் திரையை மனதில் வைத்துத்தான்.

மானிட்டர், கீபோர்டு, மவுஸ் நீங்கலாக 60,000 ரூபாய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 24,000 கார்டுக்கு. புராசசர், மதர்போர்டு இரண்டுக்கும் சேர்த்து 16,000. எல்லாப் பாகங்களுக்கும் கரண்ட் தரும் எஸ்எம்பிஎஸ்-க்கு 4,500. கேபினெட்டுக்கு 3,500. மிச்சம் 12,000 ராமுக்கும் எஸ்எஸ்டிக்கும். 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் ராம் விலை தாறுமாறாக ஏறிய பிறகு, இந்தக் கடைசி 12,000-இல்தான் இழுபறி வரும். அப்போது கையை வைக்க வேண்டியது மதர்போர்டிலும் கேபினெட்டிலும்தான். எஸ்எம்பிஎஸ்-இல் கை வைக்கவே கூடாது. காரணம் பின்னால் வருகிறது.

கிராஃபிக்ஸ் கார்டு

ஜிபி எண்ணிக்கையை மட்டும் வைத்துக் கார்டை எடை போடுவது பழைய ஏமாற்று வேலைக்கு வசதியான வழி. ஜிடி 730-இலும் 4 ஜிபி உண்டு. அந்த நினைவகத்தை நிரப்பும் அளவுக்கு அந்தச் சிப்புக்குத் தெம்பு கிடையாது. படிக்க வேண்டியவை நான்கு: சிப்பின் சரியான பெயர், நினைவகத்தின் அளவும் வகையும், அதன் பஸ் அகலம் (சிப்புக்கும் நினைவகத்துக்கும் இடையே தரவு போகும் பாதை), பிசிஐஇ லேன் எண்ணிக்கை (கார்டு மதர்போர்டோடு பேசும் பாதைகள்).

ஒரே பெயரில் இரண்டு பொருள் என்பதற்குச் சில உதாரணங்கள்:

ஆர்டிஎக்ஸ் 3050. 8 ஜிபி கார்டில் 2560 கூடா கோர்கள் (என்விடியா சிப்பில் கணக்குப் போடும் அலகுகள்), 128 பிட் பஸ், 130 வாட். 2024-இல் வந்த 6 ஜிபி கார்டில் 2304 கோர்கள், 96 பிட் பஸ், 70 வாட். குறைந்திருப்பது 2 ஜிபி நினைவகம் மட்டுமல்ல, சிப்பே மெலிந்துவிட்டது. தனி பவர் கேபிள் இல்லாமலே 6 ஜிபி கார்டு ஓடும் என்பதால் பழைய அலுவலகக் கணினியில் செருக அது நல்ல பொருள். புதிதாகக் கட்டும் பிசிக்கு அல்ல.

ஆர்டிஎக்ஸ் 3060. 12 ஜிபி கார்டுக்கு 192 பிட் பஸ், 8 ஜிபி கார்டுக்கு 128 பிட் பஸ். விநாடிக்கு 360 ஜிபி தரவு பாய்ந்த இடத்தில் 240 ஜிபி. 12 ஜிபி மட்டும்தான் அந்தப் பெயருக்கு உரியது.

ஜிடி 1030. டிடிஆர்4 நினைவகம் வைத்த கார்டுக்கு ஜிடிடிஆர்5 கார்டின் தரவு வேகத்தில் மூன்றில் ஒரு பங்குதான். இரண்டுமே இன்று கேமிங்குக்கு வேண்டாம். ஆனால் ஒரு பெயரை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

ஆர்எக்ஸ் 580. அசல் கார்டில் 2304 ஷேடர்கள் (ஏஎம்டி சிப்பில் கணக்குப் போடும் அலகுகள்). சந்தையில் மலிவாகச் சுற்றும் '2048எஸ்பி' கார்டு பெயரில் 580, குணத்தில் 570.

அடுத்து லேன். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டு நான்கு லேன்களில் மட்டும் பேசும். மதர்போர்டும் புராசசரும் பிசிஐஇ 4.0 ஆக இருந்தால் சமாளிக்கும். 3.0 ஆக இருந்தால் பாதை பாதியாகிவிடும். பெரும்பாலும் 4 ஜிபி நினைவகத்தோடு வரும் கார்டு இது. நினைவகம் நிரம்பியதும் கணினியின் ராமிலிருந்து தரவை இழுக்க அந்தக் குறுகிய பாதையையே நம்ப வேண்டும், விளையாட்டு திக்கும். இன்னொரு குறை: இதில் வீடியோ என்கோடர் கிடையாது. ஆட்டத்தைப் பதிவு செய்து யூடியூபில் போட நினைப்பவருக்கு அந்த வேலை முழுக்கப் புராசசர் தலையில் விழும். பழைய பிசியில் போடலாமென்று பலர் வாங்குவது இந்தக் கார்டைத்தான். அது மிக மோசமாக ஓடுவதும் அங்கேதான்.

சரி, எதை வாங்குவது? கையைக் கடிக்காத விலையில் கிடைத்தால் ஆர்எக்ஸ் 6600 இன்னும் அடிப்படைத் தேர்வு: 8 ஜிபி, 132 வாட், ஒரே ஒரு 8 பின் கேபிள். 2025-இல் வந்த டூம்: த டார்க் ஏஜஸ் விளையாட்டு ரே டிரேசிங் (ஒளியின் போக்கைக் கணக்கிட்டு வரைவது) வன்பொருள் இல்லாத கார்டில் இயங்காது. அந்த விளையாட்டு கேட்கும் குறைந்தபட்ச ஏஎம்டி கார்டு இந்த 6600தான். இதே காரணத்தால் ஜிடிஎக்ஸ் 1660 வரிசை, ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி போன்றவை வேகம் இருந்தும் இனிமேல் வாங்கத் தகுந்தவை அல்ல. ஒரு படி மேலே ஆர்எக்ஸ் 7600, ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்டிஎக்ஸ் 5060. மூன்றும் 8 ஜிபி. 4060 வெறும் 115 வாட்டில் ஓடுகிறது. சூட்டுக்கும் கரண்ட் பில்லுக்கும் நல்லது. டிஎல்எஸ்எஸ் (சிறிதாக வரைந்த படத்தை ஏஐ மூலம் பெரிதாக்கி ஃப்ரேமைக் கூட்டும் வசதி) வேண்டுமென்றால் என்விடியா. வெறும் ஃப்ரேம் எண்ணிக்கை போதும், ஒரு ரூபாய்க்கு எவ்வளவு கிடைக்கிறது என்று பார்ப்பவர் என்றால் ஏஎம்டி.

8 ஜிபி இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்ற கேள்வி நியாயமானது. 1080பியில் டெக்ஸ்சர் அளவை 'அல்ட்ரா'விலிருந்து 'ஹை'க்கு இறக்கினால் பெரும்பாலான விளையாட்டுகள் அடங்கும். இறக்க மனமில்லை என்றால் 12 ஜிபி உள்ள இன்டெல் ஆர்க் பி580-ஐப் பார்க்கலாம். ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனை. பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) ரீசைசபிள் பார் வசதி, அதாவது கார்டின் நினைவகம் முழுவதையும் புராசசர் ஒரே மூச்சில் அணுகும் வசதி இருந்து, அது இயக்கத்திலும் இருக்க வேண்டும். அதோடு, அதன் டிரைவர் புராசசரிடம் கூடுதல் வேலை வாங்கும். பழைய அல்லது மெதுவான புராசசரோடு சேர்த்தால் விமர்சனங்களில் பார்த்த ஃப்ரேம் வராது. விமர்சகர்கள் கார்டுகளைச் சோதிப்பது சந்தையிலேயே வேகமான புராசசரில் என்பதை எப்போதும் நினைவில் வையுங்கள்.

ஒரே சிப்பில் இரண்டு ஃபேன் மாடலும் இருக்கும், மூன்று ஃபேனும் ஒளியும் வைத்த மாடலும் இருக்கும். 6600, 4060 மாதிரிக் குளிர்ச்சியான சிப்புக்கு மூன்று ஃபேன் அலங்காரம்தான். அந்த வித்தியாசத் தொகையை அடுத்த சிப்புக்குப் போடுங்கள்.

புராசசரும் மதர்போர்டும் ஒரு ஜோடி

தனித்தனியாக யோசிக்காதீர்கள். இன்று பட்ஜெட்டில் மூன்று பாதைகள்.

முதலாவது ஏஎம்4 சாக்கெட் (போர்டில் புராசசர் உட்காரும் இடம்), டிடிஆர்4 ராம், ஏஎம்டியின் ரைசன் 5 5600. 6 கோர், 12 த்ரெட், 32 எம்பி எல்3 கேஷ் (புராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்), பிசிஐஇ 4.0. இங்கேதான் மறுபடியும் பெயர் விளையாட்டு. 5500-க்கும் 5600ஜி-க்கும் கோர் எண்ணிக்கை அதேதான். ஆனால் கேஷ் 16 எம்பி, பிசிஐஇ 3.0. விளையாட்டுகளில் கேஷ்தான் பேசும். 5600-க்கும் 5500-க்கும் விலை வித்தியாசம் ஆயிரம், ஆயிரத்தைந்நூறுக்குள் என்றால் யோசிக்காமல் 5600. 'ஜி' போட்டதில் உள்ளேயே கிராஃபிக்ஸ் உண்டு; கார்டு வாங்கப் போகிறவர் அதற்குத் தனியாகப் பணம் கொடுப்பதில் பொருளில்லை.

இரண்டாவது இன்டெல் ஐ5-12400எஃப், எல்ஜிஏ1700 சாக்கெட். இதுவும் 6 கோர், 12 த்ரெட். 'எஃப்' என்றால் உள் கிராஃபிக்ஸ் இல்லை. கார்டு பழுதானால் திரையில் ஒன்றுமே வராது. இந்தச் சாக்கெட்டில் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு, ஒன்றின் ராம் மற்றதில் நுழையாது. போர்டின் முழுப் பெயரைக் கடைக்காரரிடம் எழுதி வாங்குங்கள்.

மூன்றாவது ஏஎம்5, டிடிஆர்5, ரைசன் 5 7500எஃப் அல்லது 7600. வேகம் இதில்தான் அதிகம். இந்தச் சாக்கெட்டுக்கு 2027-உம் அதற்கு அப்பாலும் புதிய புராசசர் வரும் என்று ஏஎம்டி சொல்லியிருப்பதால் நாலைந்து ஆண்டு கழித்துப் புராசசரை மட்டும் மாற்றலாம். போர்டும் ராமும் விலை கூட.

எதை எடுக்கலாம்? கார்டுக்கு ஒதுக்கிய பணம் குறையாமல் ஏஎம்5 வாங்க முடிந்தால் வாங்குங்கள். ஏஎம்5-க்காகக் கார்டை ஒரு படி இறக்க வேண்டியிருந்தால் வேண்டாம். 6600 வகைக் கார்டோடு ரைசன் 5600-ம் ரைசன் 7600-ம் 1080பி ஹை அமைப்பில் காட்டும் வித்தியாசம் சொற்பம். வீட்டில் ஏற்கெனவே டிடிஆர்4 ராம் இருந்தால் இன்றைய ராம் விலைக்கு அதுவே தீர்ப்பைச் சொல்லிவிடும்.

ஏஎம்4 மதர்போர்டில் மலிவான ஏ520 வகை போதுமா? கார்டு 6600 என்றால் போதும். ஏ520-இல் கார்டுக்குக் கிடைப்பது பிசிஐஇ 3.0 மட்டுமே. 6600 எட்டு லேன் கார்டு என்பதால் இழப்பு சிறியது. நினைவகம் நிரம்பும்போது மட்டும் தெரியும். பி550-க்கு அதிகம் கேட்காவிட்டால் அதையே எடுங்கள்: கார்டுக்கும், எஸ்எஸ்டி செருகும் முதல் எம்.2 இடத்துக்கும் 4.0 கிடைக்கும், சில போர்டுகளில் புராசசர் இல்லாமலே பென் டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றும் பொத்தானும் உண்டு. இன்டெல் பக்கம் எச்610 போர்டு 12400எஃப்-ஐத் தாங்கும், அதில் எம்.2 எஸ்எஸ்டி 3.0 வேகத்தில்தான் ஓடும், விளையாடும்போது அது தெரியாது. எந்த போர்டிலும் எண்ணிப் பார்க்க வேண்டியவை: ராம் இடம் இரண்டா நான்கா, ஃபேன் செருகும் பின்கள் எத்தனை, எம்.2 இடம் எத்தனை. ஒரே ஒரு கேபினெட் ஃபேனுக்கு மட்டும் பின் வைத்த மலிவு போர்டுகள் இருக்கின்றன. வாங்கி வந்த பிறகு ஸ்ப்ளிட்டர் தேடி அலைய வேண்டும்.

பி450 போர்டு பழைய இருப்பு என்றால் 5600 போட்டதும் திரை வராமல் போகலாம். பழைய பயாஸுக்கு இந்தப் புராசசரை அடையாளம் தெரியாது. கடையிலேயே பயாஸ் ஏற்றித் தரச் சொல்லுங்கள்.

புராசசரைப் பெட்டியோடு தருகிறார்களா, 'ட்ரே'யா என்று கேளுங்கள். ட்ரே என்றால் கூலர் வராது. உத்தரவாதமும் பெரும்பாலும் கடைக்காரர் கொடுப்பதுதான், தயாரிப்பாளர் கொடுப்பதல்ல. 5600 பெட்டியோடு வரும் ஸ்டெல்த் கூலர் சத்தம் போடும், ஆனால் வேலை செய்யும்.

ராம், எஸ்எஸ்டி

16 ஜிபி, இரண்டு 8 ஜிபி குச்சிகளாக. டிடிஆர்4 என்றால் வேகம் 3200, தாமதம் சிஎல்16 (சிஎல் எண் குறைந்தால் நல்லது). ஏஎம்5-க்கு 6000, சிஎல்30 கிடைத்தால் நல்லது. விலை அதிகம் என்றால் 5600 வேக ராமும் போதும். ஒரே குச்சி என்றால் தரவுப் பாதை பாதி. சராசரி ஃப்ரேம் பெரிதாகக் குறையாவிட்டாலும் இடையிடையே திக்குவது கண்ணுக்குத் தெரியும். கார்டு இல்லாமல் 5600ஜி-யின் உள் கிராஃபிக்ஸில் ஆடுபவருக்கு இரட்டைக் குச்சி கட்டாயம். அதன் கிராஃபிக்ஸ் நினைவகமே அந்த ராம்தான்.

எஸ்எஸ்டியில் இரண்டு எச்சரிக்கை. எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அதே வடிவத்தில் மெதுவான சாட்டா எஸ்எஸ்டியும் உண்டு, வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டியும் உண்டு. போர்டு எதை ஏற்கும் என்று பாருங்கள். இரண்டாவது, டிஎல்சி நினைவகமா (ஒரு செல்லில் மூன்று பிட்) கியூஎல்சியா (நான்கு பிட்) என்பது. கியூஎல்சி நிரம்ப நிரம்ப எழுதும் வேகம் பழைய ஹார்டு டிஸ்க் அளவுக்குக்கூட விழும். 100 ஜிபி விளையாட்டை இறக்கும்போது தெரியும். கிங்ஸ்டன் என்வி2 போன்ற சில மாடல்களில் ஒரே பெயருக்குள் வெவ்வேறு கன்ட்ரோலரும் நினைவகமும் வந்திருக்கின்றன. டபிள்யூடி எஸ்என்580 டிஎல்சி. 500 ஜிபியில் தொடங்கலாம்தான். ஆனால் பால்டர்ஸ் கேட் 3 ஒன்றே 150 ஜிபி கேட்கிறது. 1 டிபிக்கு வழி இருந்தால் அதுவே சரி.

எஸ்எம்பிஎஸ்: இங்கே மிச்சம் பிடித்தால் மற்றது எல்லாம் போகும்

கேபினெட்டோடு இலவசமாக வரும் '450 வாட்' எஸ்எம்பிஎஸ்-ஐத் திருப்பி ஸ்டிக்கரைப் பாருங்கள். புராசசரும் கார்டும் குடிப்பது 12 வோல்ட் வரிசையில். அந்தக் கட்டத்தில் 16 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 12-ஐ 16-ஆல் பெருக்குங்கள்: 192 வாட். மிச்சமெல்லாம் இன்று யாருக்கும் அதிகம் தேவைப்படாத 3.3, 5 வோல்ட் வரிசைகளில் எழுதிய கணக்கு. நேர்மையான 450 வாட் எஸ்எம்பிஎஸ்-இல் 12 வோல்ட் வரிசை 36 ஆம்பியரை ஒட்டி இருக்கும்; அதாவது 430 வாட்டுக்கு மேல்.

தேவையைக் கணக்கிடுவது எளிது. 5600 அதிகபட்சம் 76 வாட், 6600 கார்டு 132 வாட், போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து 50 வாட். மொத்தம் ஏறக்குறைய 260 வாட். கார்டு கண நேரத்துக்கு இதைவிட மேலே எகிறும் என்பதால் நல்ல 450 வாட் போதும். நாளை கார்டு மாற்றும் எண்ணம் இருந்தால் 550. 750 வாட் வாங்கச் சொல்லும் கடைக்காரர் உங்கள் நன்மைக்காகச் சொல்லவில்லை.

80 பிளஸ் முத்திரை மின்சாரச் சிக்கனத்தைத்தான் அளக்கிறது. தரத்தையோ பாதுகாப்பையோ அல்ல. ஆனாலும் அதில் 'பிரான்ஸ்' (Bronze, வெண்கல) முத்திரையும் ஐந்தாண்டு உத்தரவாதமும் சேர்ந்து இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. கோர்சேர் சிஎக்ஸ் வரிசை, டீப்கூல் பிகே550டி, எம்எஸ்ஐ மாக் ஏ550பிஎன் போன்றவை பட்ஜெட்டுக்குள் பார்க்கத் தகுந்தவை. வாங்கும்போதே கார்டுக்கு வேண்டிய 6+2 பின் கேபிள் இருக்கிறதா என்று பாருங்கள். மோலெக்ஸ் என்ற பழைய நான்கு பின் இணைப்பிலிருந்து கார்டுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் கேபிள் உருகிப்போகும் வகை; தொடவே தொடாதீர்கள். கழற்றி மாட்டும் கேபிள் உள்ள எஸ்எம்பிஎஸ் என்றால் வேறு எஸ்எம்பிஎஸ்-இன் கேபிளை அதில் செருகக் கூடாது. பின் பொருந்தும், உள்ளே கம்பி வரிசை மாறியிருக்கும், எஸ்எஸ்டியும் போர்டும் புகையும்.

நம் வீடுகளுக்கே உரிய இரண்டு சங்கதிகள். கேபினெட்டைத் தொட்டால் லேசாகச் சுரீரென்றால் எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டது என்று பொருளல்ல. சுவர்ப் பிளக்கில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ் உள்ளே இரைச்சலை வடிகட்டும் கெபாசிட்டர்கள் எர்த் வழியாக விட வேண்டிய மின்கசிவு கேபினெட்டில் நிற்கிறது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சரிசெய்யுங்கள். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைத்து இரண்டு பின் ஆக்குவது ஆபத்து. இரண்டாவது, கரண்ட் போகும்போது இன்வெர்ட்டர் இருந்தும் பிசி ரீஸ்டார்ட் ஆவது. இன்வெர்ட்டரின் பின்புறம் 'யுபிஎஸ் மோடு' சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். சாதாரண மோடில் அது மாறும் நேரம் எஸ்எம்பிஎஸ் தாக்குப்பிடிக்கும் சில மில்லிவிநாடிகளைத் தாண்டிவிடும். தனி யுபிஎஸ் என்றால் 600 விஏ-வில் பெரும்பாலும் 360 வாட்தான் கிடைக்கும். மேலே சொன்ன பிசிக்கும் மானிட்டருக்கும் அது சேமித்து மூட நேரம் தரும், ஆட்டத்தைத் தொடர அல்ல.

கேபினெட்டும் சூடும்

விமர்சனங்கள் எடுக்கும் அறையில் 22, 24 டிகிரி. மே மாதம் வேலூரிலோ திருச்சியிலோ ஏசி இல்லாத அறையில் 36-ஐத் தாண்டும். அவர்கள் அளந்த வெப்பத்தோடு அப்படியே பத்துப் பன்னிரண்டு டிகிரி கூட்டிக்கொள்ளுங்கள். ஆகவே முகப்பில் கண்ணாடி மூடிய கேபினெட் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். முன்புறம் வலை, முன்னால் உள்ளிழுக்க இரண்டு 120 மிமீ ஃபேன், பின்னால் வெளியேற்ற ஒன்று. கார்டின் நீளத்தை மிமீ கணக்கில் பார்த்து, கேபினெட் எவ்வளவு இடம் தருகிறது என்பதோடு ஒப்பிடுங்கள். கூலர் தனியாக வாங்கினால் அதன் உயரத்தையும். முன் வலையைக் கழற்றித் தூசி தட்ட முடிகிறதா என்பது நம் ஊரில் ஒளி விளக்கைவிட முக்கியம்.

கடையில்

சென்னை ரிச்சி தெருவானாலும் ஆன்லைனானாலும், பாகங்களின் முழு மாடல் எண்ணோடு கொட்டேஷன் வாங்குங்கள். 'பி550 போர்டு', '16 ஜிபி ராம்', '550 வாட் எஸ்எம்பிஎஸ்' என்று மட்டும் எழுதித் தந்தால் அது கொட்டேஷன் அல்ல. சொல்லும் விலையில் 18% ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன் என்பது உத்தரவாதத்தை விற்றுவிடுவதற்குச் சமம். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். அசெம்பிள் செய்து வாங்கினாலும் எல்லாப் பெட்டிகளையும் வீட்டுக்கு எடுத்து வாருங்கள்.

செகண்ட் ஹேண்ட் கார்டு கெட்ட யோசனை இல்லை. நேரில், ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் மட்டும் வாங்குங்கள். ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து ஷேடர் எண்ணிக்கை, பஸ் அகலம், நினைவக அளவு மூன்றையும் தயாரிப்பாளரின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பழைய சிப்பில் பயாஸை மாற்றி 'ஜிடிஎக்ஸ் 1050 டிஐ' என்று பெயர் காட்ட வைத்த போலிகள் உண்டு. பிறகு ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருளோ நிஜ விளையாட்டோ இருபது நிமிடம் ஓடட்டும். திரையில் புள்ளி, கோடு வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஃபேனில் கரகர சத்தம் மட்டும் என்றால் விலை பேசலாம்; ஃபேன் மாற்றிக்கொள்ளலாம். செகண்ட் ஹேண்ட் எஸ்எம்பிஎஸ், எஸ்எஸ்டி இரண்டையும் வாங்காதீர்கள்.

மாட்டும்போது நேரும் தவறுகள்

திரையில் ஒன்றும் வரவில்லை என்றால் பத்தில் ஏழெட்டு முறை காரணம் சாதாரணமானது. எச்டிஎம்ஐ கேபிளை கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருப்பார்கள். ராம் ஒரு பக்கம் மட்டும் 'டக்' என்று உட்கார்ந்திருக்கும். போர்டின் மேல் இடது மூலையில் புராசசருக்கான 4+4 பின் கேபிள் மறந்திருக்கும். அந்த 4+4 கேபிளும் கார்டின் 6+2 கேபிளும் பார்க்க ஒன்றுபோலிருக்கும், ஆனால் வேறு வேறு; நுழையாத இடத்தில் அழுத்தாதீர்கள்.

நான்கு ராம் இடம் உள்ள போர்டில் இரண்டு குச்சிகளைப் புராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களில் போடுங்கள். ஏஎம்5 பிசியை முதல்முறை ஆன் செய்ததும் பல நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும், போர்டு ராமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது. பயந்து அணைத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து. பத்து நிமிடம் கழித்தும் வராவிட்டால் ஒரு குச்சியை எடுத்துவிட்டு முயலுங்கள்.

ஏஎம்4 புராசசரில் பின்கள் புராசசரிலேயே இருக்கும். கூலரைக் கழற்றும்போது நேராக இழுத்தால் பேஸ்ட் ஒட்டிக்கொண்டு புராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின் வளையும். கணினியைச் சிறிது நேரம் ஓடவிட்டு, அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, சூடு ஆறுமுன் கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி எடுங்கள். இன்டெல்லிலும் ஏஎம்5-இலும் பின்கள் சாக்கெட்டில்; புதுப் போர்டின் சாக்கெட் மேல் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், உத்தரவாதத்துக்குப் போர்டை அனுப்பும்போது கேட்பார்கள்.

எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு மூன்று இடத்தில் கை வைக்க வேண்டும். பயாஸில் ராமை அதன் முழு வேகத்துக்குக் கொண்டுவரும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பை இயக்காவிட்டால் நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய 3200 ராம் 2133-லோ 2666-லோ, 6000 ராம் 4800-லோ ஓடிக்கொண்டிருக்கும். அங்கேயே பாதுகாப்பு வசதிகளான டிபிஎம் 2.0, செக்யூர் பூட், அவற்றோடு ரீசைசபிள் பார் மூன்றையும் பாருங்கள். விண்டோஸ் 11-இல் வாலரண்ட் முதல் இரண்டும் இல்லாமல் திறக்காது. செக்யூர் பூட்டை விண்டோஸ் ஏற்றுவதற்கு முன்பே, சிஎஸ்எம் என்ற பழைய பூட் முறையை அணைத்துவிட்டு, இயக்கிவிடுவது தலைவலியைக் குறைக்கும். கடைசியாக விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பில் ரிஃப்ரெஷ் ரேட். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை வாங்கி வைத்து, அது 60-இல் ஓடுவது தெரியாமலே மாதக்கணக்கில் ஆடுகிறவர்கள் நிறையப் பேர்.

முதல் வாரத்திலேயே பிசியை நன்றாக வாட்டி எடுங்கள். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருள் ஒரு இரவு, கனமான விளையாட்டு தினமும் இரண்டு மணி நேரம். கடையில் நேரடியாக மாற்றித் தரும் அவகாசம் சில நாள்தான் இருக்கும். அதற்குப் பிறகு பழுது தெரிந்தால் சர்வீஸ் சென்டர் வரிசையில் பாகத்தை அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.